திருப்பிப் போட்ட பதினோரு படங்கள்

“எம் மகன் செய்யாத தப்ப ஒத்துக்கிட்டான் தாயி. செஞ்சது யாருன்னு நீங்கதான் கண்டுபிடிச்சுத் தரணும்.”

கோச்சடையில் துப்பறிவாளர் சூடாமணியின் வீட்டில், நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார் மொக்கையன். உசிலம்பட்டிக்காரர். முப்பது வருஷம் ஒரு மில் முதலாளிக்குக் கார் ஓட்டியவர். மகன் தவசி சிம்மக்கல்லில் இணையதளம் வடிவமைக்கும் சின்னக் கம்பெனியில் இருந்தான். அது 2002, மதுரையில் இந்த வேலை தெரிந்தவர்களே சொற்பம். ஐரோப்பிய ஸ்போர்ட்ஸ் கார் கம்பெனி ஒன்றின் இணையதளம் அவன் கைக்கு வந்தது. படங்களைக் கெடுத்துவிட்டான் என்று வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள். இப்போது வெங்காய மண்டியில் மூட்டை தைக்கிறான்.

“என்ன கெட்டுச்சுன்னு கேட்டா வாயத் திறக்க மாட்டேங்கிறான். தினம் நாந்தான் சோறு கொண்டு போவேன். எனக்குக்கூட மவுஸ் பிடிக்க, போட்டோவ வெட்ட, திருப்பிப் போட கத்துக் குடுத்தான். அம்புட்டுப் பிரியமான வேலை தாயி,” என்றார்.

சூடாமணி உதவியாளர் ஆல்பினோடு சிம்மக்கல் போனார். முதலாளி சத்தியசீலன் படங்களை மேசையில் பரப்பினார்.

“இருபதுல பதினொண்ணு கண்ணாடியில பாக்குற மாதிரி இடவலம் மாறிடுச்சு மேடம். கார் மேல இருக்கிற அவங்க கம்பெனி பேரே திரும்பி நிக்குது. சும்மா விடுவாங்களா? காண்ட்ராக்ட் போச்சு. புதன்கிழமை மதியம் ஒன்றரைக்கு மேல தவசி கம்ப்யூட்டர்லதான் மாத்தியிருக்கு. கேட்டா, ‘நான்தான்’னான்.”

“மாறாத ஒன்பது?”

“டயர், என்ஜின், பின்பக்க லைட்டு.”

சக ஊழியர் பெர்சி தயங்கித் தயங்கிச் சொன்னாள்: “நான் சாப்பிட்டுட்டு ரெண்டு மணிக்கு வந்தப்ப அவர் மேசையில சாஞ்சு தூங்கிட்டு இருந்தார். எழுந்ததும் அவசரமா அப்படியே அனுப்பிட்டார்.”

வெளியே வந்ததும் ஆல்பின் துள்ளினார். “பெர்சிதான் மேடம். தவசி இடம் இப்ப அவங்களுக்குத்தானே?”

“கெடுக்க வந்தவங்க ஒன்பதை ஏன் விட்டு வைக்கணும் ஆல்பின்?” என்றார் சூடாமணி. விடை கிடைத்ததில் அவருக்கு மகிழ்ச்சியே இல்லை.

மறுநாள் மொக்கையன் வந்தார். சூடாமணி அவர் முன்னால் ஒரு படத்தை வைத்தார். கார் கம்பெனிக்காரர்கள் முதலில் அனுப்பிய அசல் படம்.

“இதுல ஏதாவது தப்புத் தெரியுதாய்யா?”

மொக்கையன் பார்த்ததும் சிரித்தார். “ஸ்டியரிங் இடப்பக்கம் இருக்கே. அன்னைக்கும் இப்பிடித்தான் மாத்திப் போட்டுட்டு அசந்து தூங்கிட்டான் பய. எழுப்ப மனசு வரல. நாந்தான் ஒவ்வொண்ணா...”

சொல்லிக்கொண்டே வந்தவர் நிறுத்திவிட்டார். கை படத்தின் மேலேயே நின்றது.

“அந்த நாட்டுல ஸ்டியரிங் இடப்பக்கம்தான்யா,” சூடாமணி மெல்லச் சொன்னார். “அது தெரியிற படங்களை மட்டும்தான் மாத்தியிருக்கு. ஆபீஸ்ல மூணு மாசமா அந்தக் காரையே பாத்தவங்க மாத்த மாட்டாங்க. இங்கிலீஷ் வாசிக்கத் தெரிஞ்சிருந்தா, பேரு திரும்பினதுமே நிறுத்தியிருப்பாங்க. இது கெடுத்த கையில்ல. சரி பண்ணின கை.”

மொக்கையன் படத்திலிருந்து நிமிர்ந்து கேட்டார். “அவனுக்குத் தெரியுமா தாயி?”

“தெரிஞ்சதாலதான் ஒத்துக்கிட்டார்.”

அந்த மனிதர் வாய்விட்டு அழுதார். சூடாமணிக்கும் கண் கலங்கியது. ஆல்பின் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பெற்ற பிள்ளையின் பிழைப்பில் மண்ணைப் போட்டது யார் என்று தேடி வந்தவருக்கு அவரையே காட்டிக் கொடுக்க வேண்டியதாகிவிட்டது.

அழுது ஓய்ந்ததும் மொக்கையன் எழுந்து நின்றார்.

“நான் மட்டும் போய்ச் சொன்னா முதலாளி நம்ப மாட்டாரு. மகனைக் காப்பாத்தப் பொய் சொல்றேம்பாரு. நீங்களும் வரணும் தாயி. நாந்தான் செஞ்சேன்னு நிரூபிச்சுக் குடுக்கணும்.”