இடது கையில் மெழுகுவத்தித் தண்டு

மதியச் சாப்பாடு முடிந்து விளக்குகளைப் போட்டபோது, படப்பிடிப்புக்காகப் பலகையில் கட்டிய நூலக அறையின் நடுவே இயக்குநர் மல்லாந்து கிடந்தார். மண்டையின் ஒரு பக்கம் உள்ளே போயிருந்தது. அடுக்கி வைத்த போலிப் புத்தகங்களின் முதுகெல்லாம் ரத்தத் தெறிப்பு. இடது கை விரல்களுக்குள் கனமான பித்தளை மெழுகுவத்தித் தண்டு, போராடிச் செத்தவர் கைவிடாமல் பிடித்திருந்த மாதிரி.

பக்கத்தில் நின்றவர் ஒரு நாவலாசிரியரின் மகள். காலமான அப்பாவின் துப்பறியும் நாவலைத்தான் அங்கே படமாக எடுத்துக்கொண்டிருந்தார்கள். யாரோ "கொலைகாரி" என்றதும், விளக்குத் தூக்கும் ஆட்கள் அந்த அம்மாளைச் சுவரில் மோதி அடித்தார்கள். இன்ஸ்பெக்டர் வந்து லத்தியால் விலக்கியபோது அம்மாளின் உதடு கிழிந்திருந்தது.

பேச்சை நறுக்கென்று முடிக்கிறவள் என்பதால் இன்ஸ்பெக்டருக்கு ஸ்டேஷனில் 'கத்தரி' என்று பேர். அம்மாளை ஜீப்பில் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தாள்.

"நேத்து இவரை மிரட்டினீங்களாமே?"

"கதையில கொலைகாரன் செத்தவனோட தம்பி. இவர் அதைப் பொண்டாட்டின்னு மாத்திட்டார். எங்கப்பா கதையைக் கொன்னா உன்னைக் கொல்லுவேன்னு சொன்னேன். வாய்தான். இன்னிக்குச் சமாதானம் பேச வந்தேன். அப்பவே இப்படிக் கிடந்தார்."

"பிணம் கையில தண்டு. கதையிலயும் அப்படித்தானே?"

"கதையில வலது கை. செத்தவன் இடதுகைப் பழக்கக்காரன். அவசரத்துல கொலைகாரன் அதை மறந்து வலது கையில வெச்சுடுவான், அதுலதான் மாட்டுவான். கதையோட உயிரே அங்கதாம்மா இருக்கு."

கத்தரி பிணத்தை இன்னொரு தடவை போய்ப் பார்த்தாள். இடது கைதான். பக்கத்தில் உதவி இயக்குநர் நின்றிருந்தான்.

"இந்தக் காட்சியை எப்படி எடுத்தீங்க?"

"வலது கையில வெச்சுத்தான் மேடம். அதுல மட்டும் சார் கை வைக்கல. தண்டை வெச்சு விரலை மடக்கினது நாங்க எல்லாரும் சேர்ந்துதான்."

"எடுத்ததைப் பார்க்கணும்."

படத்தொகுப்பு அறை அதே கட்டடத்தின் மாடியில். தொகுப்பாளர் இயக்குநரின் மச்சான், அவர் மனைவிக்கு உடன்பிறந்த அண்ணன். சட்டையை அப்போதுதான் மாற்றியிருந்தார், மடிப்பு கலையவில்லை. மூலையில் தங்கை தாடையில் கட்டுப்போட்டு உட்கார்ந்திருந்தாள். கண்ணைச் சுற்றி நீலம் பாரித்திருந்தது. பேச முடியவில்லை.

"படியில விழுந்துட்டா" என்றார் அண்ணன்.

கத்தரி அந்தக் கட்டைப் பார்த்துவிட்டுத் திரைப் பக்கம் திரும்பினாள். திரையில் காட்சி ஓடியது. நூலகம், ரத்தம், நடிகரின் பிணம். தண்டு இடது கையில்.

"வலது கையில வெச்சு எடுத்ததா கீழ சொன்னாங்களே?"

"அடுத்த காட்சியில துப்பறியறவர் பார்வை எதிர்ப்பக்கம் போகுது மேடம். அதனால இதை இடவலமாத் திருப்பிப் போட்டேன்."

"அதுல கதையே கெட்டுப்போகுமே?"

"நான் நாவல் படிக்கல. வந்ததை வெட்டி ஒட்டுறதுதான் என் வேலை."

"இதை யார் யார் பார்த்திருக்காங்க?"

"நேத்துதான் முடிச்சேன். மாப்பிள்ளைக்குக்கூட இன்னும் காட்டல."

கத்தரி நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டாள்.

"நாவல் படிச்சவங்களுக்கு வலது கை. கீழ எடுத்தவங்களுக்கும் வலது கை. தண்டை இடது கையில பார்த்த ஆள் நீங்க ஒருத்தர்தான். அடிச்சுட்டு, பழியை அந்தம்மா மேல போடணும்னு கதையில இருக்கிற மாதிரி கிடத்தினீங்க. ஆனா உங்களுக்குத் தெரிஞ்ச கதை இந்தத் திரையில இருக்கிறது மட்டும்தான்."

 அவர் கைமுஷ்டியால் திரையைக் குத்தினார். கண்ணாடி உடைந்து மணிக்கட்டு வரை கிழித்தது. அவர் அதைப் பார்க்கக்கூட இல்லை.

"காலையில இவ தாடை தொங்கி வந்து நின்னா மேடம். அவன் தனியா இருக்கும்போது போய்க் கேட்டேன். சிரிச்சான். 'நீ வெட்டி ஒட்டுற வேலையைப் பாரு மச்சான்'னான். தண்டு கைக்கு எட்டுச்சு. விழுந்த பிறகும் அடிச்சேன். அந்தச் சிரிப்பு போற வரைக்கும் அடிச்சேன்."

"அவரை அடிச்சது ஆத்திரம்னு வெச்சுக்குவோம். கீழ அந்தம்மாவை அடிச்சப்போ சத்தம் இங்க வரைக்கும் கேட்டிருக்குமே?"

"கேட்டுச்சு" என்றார். தலை நிமிரவில்லை.

அதுவரை அண்ணனையே பார்த்துக்கொண்டிருந்த தங்கை அந்தச் சொல்லில் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

காயத்தைச் சுற்றிக் கட்டி, விலங்கு மாட்டி அவரைக் கீழே கொண்டுவந்தபோது, தங்கை வண்டியருகே அவரிடம் போகவில்லை. ஜீப்பில் இருந்த அம்மாளின் முன்னால் போய் நின்றாள். என்னவோ சொல்ல வாயெடுத்தாள். கட்டு இடம் கொடுக்கவில்லை, வலியில் கண் நிறைந்தது. முந்தானையை நனைத்து, கிழிந்த அந்த உதட்டின் ரத்தத்தை மெதுவாகத் துடைக்க ஆரம்பித்தாள்.

அம்மாள் முதலில் விலகினார். பிறகு, துடைக்கட்டும் என்று முகத்தைக் கொடுத்தார்.