தொப்பிக்குள் அடங்காத தலைகள்

“முடியை நன்றாக அலசி, விரித்துப் போட்டுக்கொண்டு வரவும்.”

கடிதத்தில் அப்படித்தான் எழுதியிருந்தது. எழுதியவர் சால்வடோர் நகரத்தில், எங்கள் தெருவில், ஒரு தலையைக்கூடப் பார்த்திருக்க மாட்டார்.

ஜுசாராவுக்குப் பதினொரு வயது. பள்ளி முரசுக் குழுவில் பெரிய முரசு அவளுடையது. முரசு அடிக்கும் பிள்ளைகளின் மூளை தாளத்தை எப்படிப் பிடிக்கிறது என்று பார்க்க விஞ்ஞானிகள் பள்ளிக்கே வருகிறார்கள்! கேட்ட நாளிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை. அவர்கள் அனுப்பிய கடிதத்தைப் படித்ததும், அடர்ந்த சுருட்டை முடியில் பின்னியிருந்த அறுபது சடைகளையும் அவிழ்த்தாள். குழுவிலிருந்த தயானியும் வெஸ்லியும் அவிழ்த்தார்கள். ஞாயிற்றுக்கிழமை முழுக்க அதற்கே போனது.

திங்கள் காலை நூலகத்தில் ஒரு கணினியும் ஒரு துணித் தொப்பியும் காத்திருந்தன. தொப்பி முழுக்கப் பொத்தான் அளவில் முப்பத்திரண்டு தகடுகள்.

விஞ்ஞானி டாக்டர் மிரேலா கணினி முன் உட்கார்ந்திருந்தார். அவருடைய உதவியாளர் ரெனான் தொப்பியை ஜுசாராவின் தலையில் வைத்து அமுக்கினார். கையை எடுத்தார். பொங்கும் சோற்றுப் பானையின் மூடி போலத் தொப்பி மேலே எழும்பியது.

“ஆடாம இரும்மா.”

“நான் ஆடலை அண்ணா. தொப்பிதான் ஆடுது.”

வெஸ்லி விழுந்து விழுந்து சிரித்தான். “மரத்துக்குத் தொப்பி போட்ட மாதிரி இருக்குடி!”

“உன் தலை மட்டும் என்னவாம்? ரெண்டு குருவி குடும்பம் நடத்தலாம்.”

“தகடு தலைத்தோல்ல படணும். அப்பதான் மூளையோட அலை தெரியும்” என்றார் ரெனான். தயானிக்கு வைத்துப் பார்த்தார். வெஸ்லிக்கும் வைத்தார். திரையில் வெறும் கிறுக்கல்தான் வந்தது.

வேடிக்கை பார்க்க வந்த காயோவுக்கு நேரான மெல்லிய முடி. அவன் தலையில் தொப்பி கச்சிதமாக உட்கார்ந்தது. ஆனால் காயோவுக்குப் பிறந்தநாள் பாட்டுக்குக் கைதட்டினால்கூடத் தாளம் தப்பும்.

ரெனான் குரலைத் தாழ்த்தினார். “டாக்டர், இந்த மூணு பேரை விட்டுடலாம். எப்பவும் அப்படித்தானே செய்யிறோம்?”

ஜுசாராவின் காதில் விழுந்துவிட்டது.

“எப்பவுமேவா?” என்றாள். “அப்போ இதுவரைக்கும் நீங்க பார்த்த மூளையெல்லாம் யாரோடது?”

டாக்டர் மிரேலாவின் முகம் சிவந்தது. “எங்க தொப்பிக்குப் பொருந்தின தலைங்களோடதும்மா. சொல்லவே வெக்கமா இருக்கு.”

“அதுக்காக முரசுக்காரங்க மூளைன்னு காயோ மூளையக் காட்டுவீங்களா?”

“ஐயோ, வேண்டாம்!” நாற்காலியிலிருந்து காயோ அலறினான். “ஊரே சிரிக்கும்!”

ஜுசாரா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அழுதால் காரியம் ஆகாது.

“தகடு எங்கெங்க படணும் அத்தை? படம் இருக்கா?”

டாக்டர் ஒரு தாளை நீட்டினார். மேலிருந்து பார்த்த தலை. நெற்றியிலிருந்து பிடரி வரை வரிசை வரிசையாகப் புள்ளிகள். ஜுசாரா அதை உற்றுப் பார்த்தாள். சட்டென்று துள்ளிக் குதித்தாள்.

“இது வகிடு!”

“என்னது?”

“வகிடு அத்தை! இந்தப் புள்ளி மேலயே வகிடு எடுக்கணும். ரெண்டு வகிட்டுக்கு நடுவுல தலையோட ஒட்டிப் பின்னிட்டா, தகடு எல்லாம் தோல் மேலயே உக்காரும். விரிச்சுப் போட்டுட்டு வரச் சொன்னதுதான் தப்பு!”

ரெனான் கடிகாரத்தைப் பார்த்தார். “ஒரு தலைக்கு எவ்வளவு நேரம்?”

“அரை மணி.”

“பன்னெண்டுக்குக் கிளம்பணும். மூணு தலைக்கு நேரமே இல்லை.”

“ஒண்ணொண்ணா பின்னினாத்தானே?” என்றாள் ஜுசாரா.

நூலகத்தின் வாசற்படிகளில் கீழ்ப்படியில் வெஸ்லி உட்கார்ந்தான். அவனுக்குப் பின்னால் தயானி, அவளுக்குப் பின்னால் ஜுசாரா. ஒரே நேரத்தில் இரண்டு தலைகள்.

“உனக்கு யாருடி பின்னுவா?” என்றாள் தயானி.

“தலையைத் திருப்பாத. வகிடு கோணும்.”

அப்போது ஜுசாராவின் முதுகுக்குப் பின்னால் யாரோ உட்காரும் சத்தம். டாக்டர் மிரேலா!

“சொல்லிக் குடு. நான் பின்னுறேன்.”

“உங்களுக்கு வருமா?”

“எலி மூளையில இதைவிட மெல்லிசா கம்பி வெச்சிருக்கேன்.”

“எலி திட்டாது அத்தை. நான் திட்டுவேன்.”

பின்னிக்கொண்டே கேள்விகள் பறந்தன. “கம்பி வெச்சா மூளைக்கு வலிக்காதா?” என்றான் வெஸ்லி.

“மூளைக்குள்ள வலி தெரியாது. தலைத்தோலுக்குத்தான் தெரியும்.”

“ஆமா, இப்ப எனக்கு நல்லாத் தெரியுது! இழுக்காதீங்க அத்தை!” என்றாள் ஜுசாரா.

“நாம தூங்கறப்போ மூளையும் தூங்குமா?” என்றாள் தயானி.

“ஒரு நிமிஷம்கூடச் சும்மா இருக்காது.”

“வெஸ்லி மாதிரி!”

முதலில் வெஸ்லி. தொப்பி அசையாமல் உட்கார்ந்தது. “வருது! சுத்தமா வருது!” என்று ரெனான் கத்தினார். “தம்பி, காலை ஆட்டாதே! திரையும் ஆடுது!” அடுத்து தயானி. அவளுக்கும் வந்தது.

கடைசியாக ஜுசாரா. டாக்டர் எடுத்த வகிடுகள் ஆட்டுப்பாதை போல வளைந்திருந்தன. இரண்டு தகடுகள் அடம்பிடித்தன. ரெனான் கொஞ்சம் பசை வைத்ததும் அவையும் அடங்கின.

காதில் மாட்டிய ஒலிப்பானில் முரசு ஒலித்தது. டும். டும். டும். டும். பிறகு நின்றது. அமைதி. மறுபடியும் டும். இப்படிப் பல முறை. ஜுசாரா ஒரு விரலைக்கூட அசைக்கவில்லை.

ரெனான் எல்லா முறையும் வந்த அலைகளைச் சேர்த்து ஒரே கோடாகத் திரையில் இழுத்தார். ஒவ்வோர் அடிக்கும் ஒரு குன்று. நான்கு குன்றுகள். முரசு நின்ற இடத்துக்குப் பிறகு ஐந்தாவது குன்று. ஆறாவது. ஏழாவது!

“முரசுதான் நின்னுடுச்சே!” காயோ திரையில் மூக்கு முட்ட நின்றான்.

“அப்போ இதை அடிச்சது யாரு?” என்றாள் ஜுசாரா.

“நீதான்.”

“நான் சும்மாதானே உக்காந்திருந்தேன்? உள்ள எது அடிச்சுது?”

டாக்டர் மிரேலா கை இரண்டையும் விரித்தார். “முழுசாத் தெரியாது. உலகத்துல யாருக்குமே இன்னும் தெரியாது.”

“யாருக்குமேவா!”

ஜுசாரா இரண்டு கைகளாலும் தொப்பியைப் பிடித்துக்கொண்டாள்.

“கழட்டாதீங்க அத்தை, இன்னொரு தடவை போடுங்க. நீங்க வெளியிலேருந்து பாருங்க. நான் உள்ளேருந்து பார்க்கிறேன்!”