விரலிடுக்கில் ஒரு தோட்டா

“கொப்பைக் கட்டிப்போட்டு வா தம்பி! கட்டாமல் ஒரு அடி வைக்க விடமாட்டன்!” என்றாள் அமிர்தம்.

சிவகுரு இலையோடு ஒரு சிறு கொப்பை முறித்து ஐயனார் மரத்தின் தாழ்ந்த கிளையில் தொங்கவிட்டான். வன்னிக் காட்டுக்குள் நுழைகிறவர்கள் எல்லோரும் அப்படித்தான் செய்வார்கள். பச்சையும் பழுப்புமாய் எத்தனையோ கொப்புகள் அந்த மரத்தில் காற்றுக்கு ஆடிக்கொண்டிருந்தன. அவற்றில் ஒன்று அமிர்தத்தின் கணவன் கந்தவனம் கட்டியது. முந்தாநாள் காலை அதைக் கட்டிவிட்டுக் காட்டுக்குள் போனவன் இன்னும் திரும்பவில்லை.

அவன் தேடிப் போனது ஒரு புதையலை. பொன்னல்ல, தண்ணீர். காட்டின் வடக்கே ஒரு பழைய பெருங்குளம் கிடக்கிறது, அதன் நடுமடு கோடையிலும் வற்றாது என்று ஊரில் கதை உண்டு. குளம் இருந்தால் மதகும் இருக்க வேண்டும். மதகு என்பது குளக்கட்டின் அடியில் தண்ணீரை வெளியே விடுகிற கல்வாசல். அது அகப்பட்டால் பழைய வாய்க்கால் தொடங்கும் இடம் அகப்பட்டுவிடும். அந்த வாய்க்காலைத் துப்பரவாக்கினால் புளியங்கண்டல் ஊருக்குத் தண்ணீர் வரும். ஊர்க் குளமோ இரண்டு கோடையாக வெடித்துக் கிடந்தது.

கந்தவனத்தைத் தேடி ஊர் ஆண்கள் நாலு திசையிலும் போயிருந்தார்கள். வடக்கே அமிர்தமும் அவளுடைய அண்ணன் நாகமணியும் தம்பி சிவகுருவும். தூக்குக் கட்டிலோடும் பறையோடும் ஆறுபேர் ஐயனார் மரத்தடியில் காத்திருந்தார்கள். புறப்படும்போது ஊர்த் தலைவரான விதானையார் சொன்னார்:

“ஒரு வெடி கேட்டால், ஆரோ வேட்டையாடுறாங்கள் எண்டு பேசாமல் இருப்பம். ஒண்டின்ரை முழக்கம் அடங்க முன்னம் மற்ற வெடி கேட்டால், ஆள் கிடைச்சிட்டுது எண்டு ஓடி வருவம். விளங்குதோ?”

“விளங்குது” என்று நாகமணி துவக்கைத் தோளில் போட்டான்.

அந்தத் துவக்கைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அது ஒற்றைத் தோட்டாத் துவக்கு. பிடியின் கீழே ஒரு நெம்புகோல் வளைந்து கிடக்கும். அதைக் கீழே இழுத்தால், குழலின் பின்வாசலை அடைத்திருக்கும் இரும்புக் கட்டை கதவு மாதிரி இறங்கும். வெடித்த தோட்டாவின் வெறும் கோது துள்ளி வெளியே விழும். புதுத் தோட்டாவைப் பெருவிரலால் உள்ளே தள்ளி, நெம்புகோலை மேலே இழுத்தால் கதவு சாத்திக்கொள்ளும். அவ்வளவுதான், அடுத்த வெடிக்குத் தயார்! இழு, தள்ளு, சாத்து. கைப்பழக்கம் உள்ளவனுக்கு ஒரு மூச்சு நேரம் போதும்.

ஆனால் அந்த ஒரு மூச்சு, புதுத் தோட்டா எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்தது. விரலருகே இருந்தால் ஒரு மூச்சு. மடியில் முடிந்திருந்தால் பத்து மூச்சு. பக்கத்து ஆளின் பையில் இருந்தால்?

நாகமணியின் தோட்டாக்கள் பக்கத்து ஆளின் பையில்தான் இருந்தன!

அது அவர்களுடைய ஐயா வைத்த சட்டம். ஒரு மானை யார் சுட்டது என்று அண்ணனும் தம்பியும் வாய்ச்சண்டையில் தொடங்கி, துவக்கைப் பறிக்கும் அளவுக்குப் போனார்கள். அன்றைக்கு ஐயா, “துவக்கு மூத்தவனட்டை. தோட்டா இளையவனட்டை. சுடவேணுமெண்டால் ஒருத்தனை ஒருத்தன் கேளுங்கோ” என்று தீர்த்துவிட்டார். வீட்டுக்கு அது நல்ல சட்டம். கோபம் தணியும்வரை துவக்கு வெறும் இரும்பு. ஐயா போன பிறகும் இருவரும் அதை மீறவில்லை. காட்டிலும் மீறவில்லை. சிவகுருவின் தோல்பையில் நாலு தோட்டாக்கள் இருந்தன. குழலுக்குள் ஒன்று.

காடு ஆளை உள்ளே இழுத்துக்கொண்டது. பாலைப்பழக் காலம். வானம் தெரியாத உயரத்தில் மஞ்சள் பழங்கள் முத்து முத்தாகத் தொங்கின. கீழே விழுந்தவை தேன் மாதிரிக் காலில் ஒட்டின. வெயில் இலைகளுக்குள்ளால் வடிந்து, பச்சைத் தண்ணீருக்கு அடியில் நடப்பதுபோல் இருந்தது. எங்கோ ஒரு குக்குறுவான் பறவை விடாமல் ‘குக், குக்’ என்றது. நடந்துகொண்டிருக்கும்போதே நித்திரை வந்துவிடும் போன்ற காடு! தான் நடக்கிறாளா, காடு தன்னைக் கடந்து போகிறதா என்று அமிர்தத்துக்குத் தெரியவில்லை. ஆனாலும் அவள் கண்கள் நிலத்தை விடவில்லை. முறிந்த கொப்பு, மிதிபட்ட பழம், சேற்றில் ஒரு காலடி.

“உது அவரின்ரை கால்தான். பெருவிரல் வெளியாலை பாக்குது பாருங்கோ” என்றாள். பிறகு அண்ணனைப் பார்த்து, “ஒரு தோட்டாவை வாங்கி விரலிடுக்கிலை வையுங்கோவன். நான் பெட்டி இழைக்கேக்கை அடுத்த ஓலையை விரலிடுக்கிலைதான் வைச்சிருப்பன். ஒவ்வொரு ஓலைக்கும் எழும்பி வீட்டுக்குள்ளை போறேல்லை.”

“குழலுக்குள்ளை ஒண்டு கிடக்கு. அது காணும், வேறை வேண்டாம்” என்றான் நாகமணி.

“கேட்டால் தருவன்” என்றான் சிவகுரு, பையைத் தட்டியபடி. “‘தம்பி, ஒண்டு தாவன்’ எண்டு வடிவாய்க் கேக்கச் சொல்லுங்கோ அக்கா.”

“உவனட்டைக் கேக்கிறதோ? எனக்கென்ன விசரே?”

“அப்ப கையை வீசிக்கொண்டு நடவுங்கோ!”

“ரெண்டு எருமையளையும் ஒரு கயித்திலை கட்டிக் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறன்” என்று அமிர்தம் முன்னே நடந்தாள்.

சட்டென்று காடு திறந்தது. அவர்கள் ஏறி நின்ற மேடு குன்றல்ல, குளக்கட்டு! மரங்கள் முளைத்து, நீண்டு படுத்த யானை மாதிரி அது காட்டுக்குள் போய் மறைந்தது. நடுவில் கட்டு உடைந்திருந்தது. உடைப்பில் நாலு மாட்டு வண்டிகளை வரிசையாக நிறுத்தலாம். அந்த உடைப்பு நிறையக் கறுத்த தண்ணீர். தாமரை இலைகள் அதன்மேல் அசையாமல் கிடந்தன. ஒரு வெள்ளைக் கொக்கு தன் நிழலையே பார்த்துக்கொண்டு நின்றது.

“மடு!” என்று மூச்சுவிட்டாள் அமிர்தம். “கதையில்லை. உண்மையாயே இருக்கு!”

“தொடாதை. அங்கை பார்” என்றான் நாகமணி. தாமரை இலைகளுக்கு நடுவே இரண்டு கண்கள் தண்ணீர் மட்டத்தில் மிதந்தன. முதலை.

கட்டைச் சுற்றி அக்கரைக்குப் போக நெடுநேரம் ஆகும், ஆனால் உடைப்பின் குறுக்கே ஒரு பழைய மரம் விழுந்து பாலமாய்க் கிடந்தது. சிவகுரு உடல் மெலிந்தவன். “நான் முதல் போய்ப் பாக்கிறன்” என்று கைகளை விரித்து நடந்தான். அக்கரையில் அவன் கால் பட்டதும் உளுத்த மரம் ‘மடக்’கென்று நடுவே முறிந்து தண்ணீருக்குள் போனது. கொக்கு எழுந்து பறந்தது. அலை அடங்கியபோது, அக்கரையிலிருந்து ஒரு மெல்லிய குரல் வந்தது.

“ஆரது?”

“அத்தான்!” என்று கத்தினான் சிவகுரு. “அக்கா, அத்தான் இஞ்சை கிடக்கிறார்! கால் முறிஞ்சு போச்சு. உடம்பு நெருப்பாய்க் காயுது!”

அமிர்தம் கைகளால் வாயைப் பொத்திக்கொண்டாள். அடுத்த நொடி அந்தக் கைகளை எடுத்து, “இஞ்சாருங்கோ! நான் வந்திட்டன்! கண்ணை மூடாதேங்கோ!” என்று தண்ணீருக்கு மேலால் கூவினாள்.

வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. பொழுதுபட்டால் இந்த மடுவுக்கு யானைகள் வரும். அதற்குமுன் தூக்குக் கட்டில் வர வேண்டும். அதற்கு இரண்டு வெடி, ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு கேட்க வேண்டும். நாகமணியின் குழலில் இருப்பதோ ஒன்று.

அவன் வாயைத் திறக்குமுன், அக்கரையில் கந்தவனத்தின் தலைக்குமேல் நின்ற பாலை மரத்தின் பின்னாலிருந்து கறுப்பாய் ஏதோ எழுந்தது. கரடி! முதுகு மயிரைப் பிடித்துக்கொண்டு ஒரு குட்டி சவாரி செய்தது. பழம் தின்ன வந்த தாய்க்கரடி. அதன் பழமரத்தடியில் இரண்டு மனிதர்கள். குட்டியுள்ள கரடி அதைப் பொறுக்காது. அது பின்கால்களில் எழுந்து, மார்பின் வெள்ளைக் கோடு தெரிய உறுமியது.

“அசையாதை தம்பி!” நாகமணி துவக்கை எடுத்தான். குட்டியைச் சுமக்கும் தாயைச் சுட அவனுக்கு மனம் வரவில்லை. கரடிக்குப் பக்கத்தில் இருந்த பாறையைக் குறிவைத்து விசையை இழுத்தான்.

டுமீல்! பாறை தூள் பறந்தது. கரடி ஒரு கணம் திகைத்தது. பிறகு முன்னைவிடக் கோபமாக ஓரடி, இன்னோரடி என்று சிவகுருவை நோக்கி வந்தது. சிவகுரு அத்தானின் முன்னால் போய் நின்று ஒரு காய்ந்த கொப்பை நீட்டினான்.

நாகமணி நெம்புகோலை இழுத்தான். வெறும் கோது துள்ளி விழுந்தது. குழலின் வாசல் திறந்தபடி காத்திருந்தது. உள்ளே தள்ள ஒன்றும் இல்லை.

“தம்பி!” அவன் மடுவுக்கு மேலால் கத்தினான். “ஒண்டு தாடா! கும்பிட்டுக் கேக்கிறன், ஒண்டு எறியடா!”

சிவகுரு கரடியிலிருந்து கண்ணை எடுக்காமல் ஒரு கையால் பையைத் துழாவி எறிந்தான். பித்தளை வெயிலில் மின்னி, வளைந்து வந்து, எட்டாமல் மடுவுக்குள் ‘ப்ளக்’கென்று விழுந்தது.

“குறைஞ்சுபோச்சு! உயர்த்தி எறி!” அமிர்தம் தயங்கவில்லை. முதலை கிடந்த தண்ணீருக்குள் முழங்கால்வரை இறங்கி, சேலையின் முன்மடியை இரண்டு கைகளாலும் விரித்துப் பிடித்தாள். “என்ரை மடியைப் பார்த்து எறியடா ராசா!”

இரண்டாவது தோட்டா வந்தது. எல்லாம் கனவில்போல் மெதுவாய் நடந்தது. அது காற்றில் சுழன்று சுழன்று வருவதையும், தாமரை இலைகள் அசைந்து ஒரு நீண்ட வகிடு அவளை நோக்கித் திறப்பதையும் அவள் சேர்த்தே பார்த்தாள். தோட்டா மடியில் விழுந்தது. அவள் பின்னால் பாய்ந்து கரையில் உருண்டாள். அவள் நின்ற இடத்தில் தண்ணீர் கொப்பளித்து மூடியது.

உருண்டபடியே தோட்டாவை அண்ணனின் கையில் வைத்தாள். தள்ளு! சாத்து! இந்தமுறை நாகமணி பாறையைப் பார்க்கவில்லை. கரடியின் தலைக்கு மேலே, பழம் பிடித்துத் தாழ்ந்திருந்த பாலைக் கிளையைப் பார்த்தான். டுமீல்! கிளை முறிந்து, நூறு நூறு மஞ்சள் பழங்கள் கரடிமேல் மழையாய்க் கொட்டின. அது ‘கர்’ என்று வெருண்டு, குட்டியை முதுகில் சுமந்தபடி காட்டுக்குள் குதித்து மறைந்தது. பழங்கள் மட்டும் சிறிது நேரம் இலைகளில் பட்டுப் பட்டு விழுந்துகொண்டிருந்தன.

பிறகு அமிர்தம்தான் சொன்னாள்: “இனி அவங்கள் வரமாட்டாங்கள்.”

உண்மைதான். முதல் வெடிக்கும் இரண்டாவதுக்கும் நடுவில் எவ்வளவு நேரம்! ஐயனார் மரத்தடியில் இருந்தவர்கள் ‘யாரோ வேட்டைக்காரன்’ என்று வெற்றிலை போட்டுக்கொண்டிருப்பார்கள்.

“பையிலை இன்னும் ரெண்டு கிடக்கு” என்றான் சிவகுரு. “இதுவும் தண்ணிக்குள்ளை போனால்...”

“போகாது. தனித்தனியாய் எறியாதை. பாரம் இருந்தால்தான் நேரே வரும். ரெண்டையும் பையோடை ஒரு கல்லும் வைச்சுக் கட்டி எறி” என்றான் நாகமணி. பிறகு, “வடிவாய்க் கேக்கிறன் தம்பி” என்றான்.

பை பறந்து வந்து கரை மண்ணில் ‘தொப்’பென்று விழுந்தது.

நாகமணி ஒன்றைக் குழலுக்குள் தள்ளினான். மற்றதை, துவக்கின் அடிக்கட்டையைத் தாங்கும் இடக்கையில், நடுவிரலுக்கும் மோதிரவிரலுக்கும் இடையில் அமிர்தம் செருகிவிட்டாள். கூர் வெளியே, அடிப்பாகம் உள்ளங்கைப் பக்கம். வலக்கை நெம்புகோலை இழுத்த கையோடு அதை உருவிக்கொள்ளலாம். தேட வேண்டாம். குனிய வேண்டாம். கண்ணால் பார்க்கவும் வேண்டாம். பெட்டி இழைக்கிறவளின் அடுத்த ஓலை!

துவக்கு வானத்தைப் பார்த்தது. டுமீல்! இழு, தள்ளு, சாத்து. முதல் முழக்கம் தண்ணீரில் வழுக்கி அக்கரைக் காட்டைத் தொட்டுத் திரும்பிக்கொண்டிருக்கும்போதே, டுமீல்!

பிறகு அமைதி. குக்குறுவானும் வாயை மூடிக்கொண்டது. அமிர்தம் கண்ணை மூடி நின்றாள். வெகுதூரத்தில், நித்திரைக்குள் கேட்பதுபோல், ஒரு பறையின் ஒலி எழுந்தது. டண், டண், டண். கேட்டுவிட்டது! வருகிறார்கள்!

கட்டைச் சுற்றிக்கொண்டு ஆட்கள் அக்கரைக்கு வந்தபோது, ஒளி செம்பாய் மாறியிருந்தது. அமிர்தம் எல்லோரையும் முந்திப் போய் கந்தவனத்தின் தலையை மடியில் எடுத்து வைத்தாள். அவன் வெடித்த உதட்டோடு சிரித்தான்.

“நான் எதிலை சாய்ஞ்சு கிடக்கிறன் எண்டு பார்.”

அவள் புல்லை விலக்கினாள். சதுரமாய்ச் செதுக்கிய கல். அதன் கீழே இன்னொன்று. நடுவே ஆள் தவழும் அகலத்தில் இருண்ட வாசல். மதகு!

தூக்குக் கட்டில் புறப்பட்டபோது, யானைகள் மரங்களின் ஓரத்தில் சாம்பல் நிழல்களாய் வந்து நின்றிருந்தன. பறை முழங்க மனிதர்கள் போகும்வரை பொறுத்திருந்து, ஒவ்வொன்றாய் மடுவில் இறங்கின. ஊர் எல்லையில் பெண்கள் விளக்கோடு நின்றார்கள். விதானையார் கந்தவனத்தின் கையைப் பிடித்து, “புதையலையும் எடுத்து, உயிரையும் கொண்டுவந்திட்டாய்!” என்று உரக்கச் சொன்னார்.

ஐயாவின் சட்டம் அந்த வீட்டில் இப்போதும் இருக்கிறது. வீட்டில் துவக்கு ஓரிடம், தோட்டா ஓரிடம். ஆனால் ஐயனார் மரத்தில் கொப்பைக் கட்டியதும் சட்டம் மாறும். தோட்டாக்கள் துவக்கு வைத்திருப்பவனிடம் போய்விடும். அமிர்தம் பழைய தோலில் தோட்டா செருக இரண்டு கண்ணிகள் வைத்து, மணிக்கட்டில் கட்ட ஒரு பட்டியும் தைத்துக் கொடுத்தாள். ஒரு நிபந்தனை மட்டும்: வீடு திரும்பியதும் தோட்டாக்களைக் கண்ணியிலிருந்து கழற்றித் துடைத்துவிட வேண்டும். தோலில் கிடந்தால் பித்தளை பச்சை பூத்து, குழலில் சிக்கிக்கொள்ளும்.

அடுத்த கோடையில் ஊரே திரண்டு உடைப்பை அடைத்தது. மடுவைச் சற்று இறைத்தபோது, இடுப்பளவு சேற்றில் நின்ற சிவகுருவின் காலில் ஏதோ தட்டுப்பட்டது. எடுத்துக் கழுவினான். பாசி மாதிரிப் பச்சை பூத்த தோட்டா. இனி அது வெடிக்காது.

கரையில் கல் சுமந்துகொண்டிருந்த நாகமணியிடம் போய், அவனுடைய இடக்கை விரல்களை விரித்து, அதை நடுவிரலுக்கும் மோதிரவிரலுக்கும் இடையில் வைத்தான்.

“இந்தாங்கோ அண்ணை” என்றான். “நீங்கள் கேக்க முன்னம் தாறன்.”