ஒரு கட்டைவிரல் போதும்

குடும்ப குரூப்பில் வந்து விழுந்திருந்த அந்தச் செய்தியை அவள் அனுப்பவில்லை. அவள் எழுதிய பாட், அதாவது தானாகவே செய்தி போடும் புரோகிராம்தான் அனுப்பியிருந்தது. ஆனால் அதை அனுப்பச் சொல்லி யாரும் எதையும் செய்திருக்கவில்லை.

"மாற்றக் கோரிக்கை. ரெப்போ: வீடு. வாசல்: ஒரு ஜோடி செருப்பு சேர்த்தல். கோரியவர்:" என்று போட்டு, அதற்குப் பிறகு வெறும் இடம். கீழே அவளே எழுதிக் கொடுத்திருந்த வரி: "ஒப்புதல் தரக் கட்டைவிரலை உயர்த்தவும்." அதற்கும் கீழே, மஞ்சளாக, சித்தப்பாவின் கட்டைவிரல் ஏற்கெனவே உயர்ந்து நின்றது.

"போச்சுடா," என்றாள் வாய்விட்டு.

சனிக்கிழமையும் அதுவுமாக அவள் தலையில் கட்டப்பட்ட வேலை இது. ஆபீஸில் எல்லோருடைய புரோகிராம் கோடும் சேர்ந்து கிடக்கும் ரெப்போவில் யாராவது ஒரு மாற்றம் கேட்டால், உடனே மெசேஜ் குரூப்புக்கு அறிவிப்பு வரவேண்டும். அங்கே இருப்பவர்கள் கட்டைவிரலை உயர்த்தினால், அதையே ஒப்புதலாக எடுத்துக்கொண்டு மாற்றம் தானாக நடந்துவிட வேண்டும். "சின்ன வேலைதான், அரை நாள்ல முடிஞ்சிடும்" என்ற மேனேஜர், சொன்ன கையோடு குடும்பத்தை ஏற்றிக்கொண்டு ஊர் சுற்றக் கிளம்பிவிட்டார். "வேண்டாம்னு சொல்றதுக்கு ஒரு வழி வைக்க வேணாமா சார்?" என்று அவள் கேட்டதற்கு, "அதெல்லாம் அடுத்த வாரம் பாத்துக்கலாம்" என்று ஒரு பதில். அவர் அடுத்த வாரம் என்று தள்ளிப்போட்டவை மட்டும் ஒரு வருஷத்துக்குத் தேறும்.

ஆபீஸ் குரூப்பில் சோதித்தால் ஆளாளுக்குக் கத்துவார்கள். அதனால் வீட்டு குரூப்பில் அந்தப் புரோகிராமைச் சேர்த்துக்கொண்டாள். மூன்று பேர் குரூப் அது. அவள், வேலை விஷயமாக வெளியூர் போயிருக்கும் கணவர், அவளுடைய சித்தப்பா. சோதனைக்கு ஒரு காலி ரெப்போ வேண்டியிருந்தது, வாயில் வந்த பெயரை வைத்தாள், 'வீடு'. ஆபீஸ் விதிப்படி இரண்டு கட்டைவிரல் வேண்டும். சோதனைதானே, ஒன்று போதும் என்று மாற்றினாள். இதில் சித்தப்பாவை மட்டும் அவள் கணக்கில் எடுக்கவில்லை. எதையும் படிக்காமல் எல்லாவற்றுக்கும் கட்டைவிரலை உயர்த்துகிற மனிதர். யாரோ காலமான செய்திக்கும் உயர்த்திவிட்டு உறவுக்காரர்களிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவர்.

ஏதோ பழைய சோதனை எங்கோ மாட்டிக்கொண்டு இப்போது வருகிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, டீ போட எழுந்தாள். வெளியே மத்தியானத்திலேயே வானம் இருண்டு, மழை ஜன்னல் கண்ணாடியில் ஒரே சீராக விழுந்துகொண்டிருந்தது. ஈரத் துணியின் வாடை வீடெங்கும் இருந்தது. பல நாள் மூடிக்கிடந்த தண்ணீர்த் தொட்டியைத் திறந்தால் வருமே, அந்த வாடையும் அதற்குள் எங்கோ கலந்திருப்பதாகத் தோன்றியது. சமையலறைக்குத் திரும்பும் இடத்தில் அவள் கால்கள் நின்றன.

செருப்பு அடுக்கில் ஒரு ஜோடி கூடுதலாக இருந்தது. சின்னது. நீல ரப்பர், குதிகால் பக்கம் தேய்ந்தது. சிட்டுவின் அளவேதான், ஆனால் அவள் மகள் சிட்டுவுக்கு இருப்பது சிவப்பு. நீலத்திலிருந்து தண்ணீர் சொட்டி, கீழ்த்தட்டில் இருந்த சிவப்பின் மேல் விழுந்துகொண்டிருந்தது. பக்கத்து வீட்டுக் குழந்தை எதுவோ விட்டுவிட்டுப் போயிருக்கும் என்று நினைத்தாள். நினைத்தபடியே வாசல் கதவைப் பார்த்தாள். உள்தாழ்ப்பாள் போட்டபடியே இருந்தது.

அந்த நேரம் பார்த்து கரண்ட் போயிற்று. பேட்டரி செத்துப்போன ஆபீஸ் லேப்டாப் உடனே கண்ணை மூடியது. புது பேட்டரி கேட்டு எத்தனை முறைதான் மெயில் போடுவது? இனி அந்த பாட் ஓடுவதை நிறுத்த வழியில்லை. அது ஆபீஸ் சர்வரில் சௌகரியமாக உட்கார்ந்து ஓடிக்கொண்டிருக்கும். அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

போன் அதிர்ந்தது.

"மாற்றக் கோரிக்கை. ரெப்போ: வீடு. சிட்டு அறை: கட்டிலில் ஒருவரைச் சேர்த்தல். கோரியவர்:"

அவள் படித்து முடிப்பதற்குள் சித்தப்பாவின் கட்டைவிரல் எழுந்தது. "ஒப்புதல் கிடைத்தது. மாற்றம் முடிந்தது." உடனே அவரை அழைத்தாள்.

"சித்தப்பா, எதுக்கு அதை அழுத்துனீங்க?"

"எதைம்மா?"

"இப்ப வந்த மெசேஜை!"

"காலைல இருந்து நீதானே எதையோ அனுப்பிட்டே இருக்கே. புள்ள லீவு நாள்லகூட கஷ்டப்படுதேன்னு ஒரு உற்சாகம் குடுத்தேன்."

"என்ன எழுதியிருந்துச்சுன்னு படிச்சீங்களா?"

"கண்ணாடியை எங்க வச்சேன்னு தெரியலம்மா. ஏன், தப்பாயிடுச்சா?"

"இனிமே எதுக்கும் அழுத்தாதீங்க. போனையே தொடாதீங்க சித்தப்பா, உங்க கால்ல விழறேன்."

"சரிம்மா, சரிம்மா. சிட்டுக்குக் காய்ச்சல் எப்படி இருக்கு?"

"மருந்து குடுத்தேன். தூங்குறா."

சொல்லிவிட்டுத்தான் காதைத் தீட்டினாள். மழைச் சத்தத்துக்கு அடியில், கூடத்தின் கோடியில் இருந்த சிட்டுவின் அறையில், கட்டில் பலகை மெல்ல முனகியது. அது இரண்டு தட்டுக் கட்டில். காய்ச்சலாக இருக்கிறதே, கீழ்த்தட்டில் படு என்று காலையிலிருந்து கெஞ்சியும், சிட்டு மேல்தட்டுதான் வேண்டும் என்று அடம்பிடித்து ஏறிப் படுத்திருந்தாள். முனகல் ஒருமுறை கேட்டது. பாரம் ஒன்று புதிதாகப் படுத்தது போல. பிறகு ஒன்றுமில்லை.

போன் மறுபடி அதிர்ந்தது.

"மாற்றக் கோரிக்கை. ரெப்போ: வீடு. சிட்டு அறை: இருவரில் பழையவரை நீக்குதல். கோரியவர்:"

முதலில் சித்தப்பாவை குரூப்பிலிருந்து தூக்கினாள். போனைத் தொடாதே என்றால் தொடாமல் இருக்கிற ஆளில்லை அவர். அடுத்து பாட். அதைத் தூக்க முடியவில்லை. கட்டைவிரல்களை அது படிக்க வேண்டும் என்பதற்காக அவள்தான் கணவரிடம் சொல்லி அதை குரூப் அட்மினாக்க வைத்திருந்தாள். இனி குரூப்பைத் தொடங்கியவர் மட்டுமே அதை நீக்க முடியும். தொடங்கியவர் கணவர். கணவரின் போன் அணைந்திருந்தது. வெளியூர் போனால் சார்ஜரை மறப்பதையே ஒரு தொழிலாக வைத்திருக்கிறவர்!

"வேண்டாம்" என்று குரூப்பில் அடித்தாள்.

"புரியவில்லை. ஒப்புதல் தரக் கட்டைவிரலை உயர்த்தவும்."

"நிறுத்து."

"புரியவில்லை. ஒப்புதல் தரக் கட்டைவிரலை உயர்த்தவும்."

அவள் எழுதிய வரி. அவளே எழுதியது. மறுக்கிற வழி அடுத்த வாரம்.

சிட்டுவின் அறைக்கு ஓடினாள். திரை போட்ட அறை கும்மிருட்டாகக் கிடந்தது. தொட்டி வாடை இங்கே இன்னும் கனமாக இருந்தது. தடவிக்கொண்டே போன கைக்குக் கீழ்த்தட்டிலேயே போர்வைக்குள் சுருண்ட உடம்பு அகப்பட்டது. ஒருவழியாகச் சொன்ன பேச்சைக் கேட்டு இறங்கிப் படுத்திருக்கிறாளே என்று நெஞ்சு விம்மியது. போர்வையோடு வாரி எடுத்தாள். நெற்றி ஜில்லென்று இருந்தது. கவுனெல்லாம் நனைந்திருந்தது. வேர்த்துக் கொட்டிக் காய்ச்சல் விட்டிருக்கிறது. நல்ல வேளை.

மேல்தட்டை அவள் பார்க்கவில்லை. பார்க்கத் துணிவில்லை. கூடுதலாக வந்தது எதுவோ, அது உள்ளேயே கிடக்கட்டும். வெளியே வந்து கதவைச் சாத்தி, வெளித்தாழ்ப்பாளைப் போட்டாள்.

கூடத்து சோபாவில் உட்கார்ந்தாள். குழந்தை அவள் தோளில் முகம் புதைத்துக் கிடந்தது. அவள் கையில் போன். கணவர் எப்போது வேண்டுமானாலும் அழைக்கலாம். கோரிக்கை அப்படியே நின்றது, கட்டைவிரல் இல்லாமல். அழுத்த இனி யார் இருக்கிறார்கள்? சித்தப்பா இல்லை. கணவரின் போன் அணைந்திருக்கிறது. மிஞ்சியது இந்த ஒரு போன்தான், அது அவள் கையில் இருக்கிறது. முதல்முறையாக மூச்சு சீராக வந்தது.

"ஒண்ணுமில்லடா தங்கம்," என்று முதுகைத் தடவினாள். "அம்மா இருக்கேன்ல."

முதுகு இன்னும் ஜில்லென்றுதான் இருந்தது. வேர்வை என்றால் இந்நேரம் காய்ந்திருக்க வேண்டும். அவள் மடியிலிருந்து சோபாவுக்கு, சோபாவிலிருந்து தரைக்கு, சொட்டுச் சொட்டாக ஏதோ விழுந்துகொண்டிருந்தது.

மூடிய அறைக்குள் யாரோ இருமினார்கள்.

காய்ச்சல் இருமல். வறண்டது. இரண்டு நாளாக அவள் கேட்டுக்கொண்டிருந்த இருமல். பிறகு ஏணிப்படியில் இறங்கும் காலடிகள். கைப்பிடி திரும்பியது.

"அம்மா? கதவு திறக்க மாட்டேங்குது."

அவள் கதவைப் பார்த்தாள், பிறகு மடியை.

"கீழ யாரும்மா படுத்திருந்தது? அம்மா! பயமா இருக்கும்மா!"

எழப் பார்த்தாள். கழுத்தைச் சுற்றியிருந்த சின்னக் கைகள் இறுகின. உள்ளே அழுகை வெடித்தது. பிஞ்சுக் கைகள் கதவைத் தட்டின. தட்டிக்கொண்டே இருந்தன. மடியில் இருந்தது ஒரு கையை மட்டும் கழுத்திலிருந்து எடுத்தது. மெதுவாக நீட்டியது. அவள் போனை விலக்கினாள். கை நீண்டது. இன்னும் நீண்டது. வெளுத்து, நீரில் ஊறிச் சுருங்கிய ஒரு கட்டைவிரல்.

திரையைத் தொட்டது.

கதவு தட்டும் சத்தம் பாதியில் நின்றது. அழுகையும். செருப்பு அடுக்கில் சிவப்பைக் காணோம், நீலம் மட்டும் இருந்தது. போன் கண்ணாடியில் படிந்த ஈர ரேகைக்கு அடியில் எழுத்துகள் ஒளிர்ந்தன.

"மாற்றம் முடிந்தது. ஒப்புதல் தந்தவர்: சிட்டு அம்மா."