மெஷின் தப்பு என்றவன்

"உங்க மெஷின் தப்பா காட்டுது சிஸ்டர்."

கர்ப்பிணிகள் பிரிவில் இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். சொன்னவன் தொழிற்சாலைகளில் பிரஷர் மீட்டர்களைச் சரிபார்க்கிறவன். எட்டு மாதக் கர்ப்பிணியான அக்காவைப் பரிசோதனைக்கு அழைத்து வந்திருந்தான். வெளியே நல்ல மழை. நனைந்த முடி நெற்றியில் ஒட்டியிருக்க, கண்களில் அப்படியொரு திமிர்... அழகான கண்கள்தான் என்று நினைத்துவிட்ட நர்ஸ், தன்னையே கடிந்துகொண்டாள்.

அக்காவை ஐந்து நிமிடம் பேசாமல் உட்காரவைத்து ரத்த அழுத்தத்தை மறுபடி அளந்தாள். நூற்று அறுபது, நூற்றுப் பத்து. மெஷினின் அதே பட்டையை அவன் கையில் சுற்றினாள். நூற்று இருபது, எண்பது.

"மெஷின் சரியாத்தான் இருக்கு. உங்க நாடிதான் கொஞ்சம் வேகமா ஓடுது."

அவன் காதுவரை சிவந்தான். அக்காவுக்கு இருக்கிற கால் வீக்கம் கர்ப்பிணிகள் எல்லாருக்கும் வருவதுதானே என்று முணுமுணுத்தான். அவள் காதில் வாங்கவில்லை. தலைவலி இருக்கிறதா, கண்முன் பூச்சி பறக்கிறதா என்று அக்காவிடம் கேட்டாள். இரண்டு நாளாகவே இருப்பதை அக்கா மெல்ல ஒப்புக்கொண்டாள். முப்பத்தெட்டு வயது, முதல் பிரசவம், சிறுநீரில் புரதம் வேறு. இன்றே சேர்க்காவிட்டால் வலிப்பு வரலாம், இரண்டு உயிருக்கும் ஆபத்து என்று டாக்டரும் ஒளிக்காமல் சொல்லிவிட்டார்.

அக்காவின் கணவர் கப்பல் வேலையில் இருந்தார். போனில் அம்மாவோ, வீட்டுக்கே கூட்டி வா, ஓய்வெடுத்தால் சரியாகிவிடும் என்றாள். அவனுக்கும் இறங்கிவர மனமில்லை... ஆஸ்பத்திரியில் சேர்ப்பதற்கான சம்மதப் படிவத்தின் முன் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டே நின்றான்.

"மீட்டர் சிவப்புல நிக்கும்போது பாய்லரை ஓட விடுவீங்களா?" என்று நர்ஸ் நிதானமாகக் கேட்டாள்.

அவன் போனை வைத்துவிட்டுக் கையெழுத்துப் போட்டான்.

அன்று மாலையே அறுவை சிகிச்சை. பெண் குழந்தை. எடை இரண்டு கிலோகூட இல்லை, குரல் மட்டும் வார்டையே தூக்கியது. அடுத்த நாள்களில் அக்காவின் ரத்த அழுத்தமும் படிப்படியாக இறங்கியது. அளவு எடுக்க நர்ஸ் வரும்போதெல்லாம் அவன் எழுந்து நின்றான்.

பத்தாம் நாள், வீட்டுக்குப் புறப்படும்போது, தலைமை நர்ஸிடம் போய் அன்று தப்பு தன் மேல்தான் என்று எல்லார் எதிரிலும் சொன்னான். பிறகு வராந்தாவில், அன்று அளவெடுத்த நர்ஸின் முன்னால் வந்து நின்றான்.

"உங்களை எனக்குப் பிடிச்சிருக்கு. அக்காவைக் காப்பாத்தினதுக்கு நன்றி சொல்றேன்னு நினைச்சுக்காதீங்க. அது வேற, இது வேற."

அவள் அவன் கண்களை நேராகப் பார்த்தாள்.

"அன்னிக்கு நீங்க கையெழுத்துப் போடாம போயிடுவீங்களோன்னு உள்ளுக்குள்ள நடுங்கிட்டு இருந்தேன். இன்னிக்கு இதைச் சொல்லாமலே போயிடுவீங்களோன்னு... காலையிலேருந்து அதே நடுக்கம்."