கை மாற்றிய மூச்சு

இப்போதெல்லாம் ஆஸ்பத்திரிக்குப் பார்க்க வருகிறவர்களுக்கு வாய்தான் நீளுகிறது, கை நீளுவதில்லை. பன்ரொட்டியை வைத்துவிட்டு, "கடவுள் இருக்காரு" என்று சொல்லிவிட்டு பஸ்ஸைப் பிடிக்க ஓடிவிடுகிறார்கள். செஞ்சி கடைத்தெருவுக்குப் பின்னால் இருந்த தனியார் ஆஸ்பத்திரிக்குள் அன்று சாயங்காலம் நுழையும்போதே ராஜாங்கம் இப்படித் திட்டிக்கொண்டுதான் வந்தார்.

உள்ளே அவருடைய ஒரே மகள் வசந்தா. ஜல்லி உடைக்கும் கிரஷரில் வேலை பார்த்து, தூசி தின்று நுரையீரல் இரண்டும் கெட்டவள். வாய் வழியே தொண்டைக்குள் குழாய். மூச்சை மிஷின்தான் விட்டது. வெளிநாட்டில் வேறு நுரையீரல் வைக்கிறார்களாம். மெட்ராஸ் மூலமாகக் கேட்டிருக்கிறார்களாம். அதுவரைக்கும் மிஷின் தாங்க வேண்டுமாம். டாக்டர் பாண்டுரங்கன் சொன்னது. ராஜாங்கத்துக்கு அந்த ஆள் மேலும் நம்பிக்கையில்லை, மிஷின் மேலும் நம்பிக்கையில்லை. வேறு போக்கும் இல்லை. மருமகன் மெட்ராஸில் பெரிய டாக்டர்கள் வாசலில் கிடந்தான்.

மழை பிடித்தது. கரண்ட் போனது. மிஷின் நின்றது.

நர்ஸ் மீனம்பாள் குழாயில் ஒரு ரப்பர் பையை மாட்டி அவர் கையில் கொடுத்தாள். "அமுக்குங்க, வுடுங்க. நிறுத்துனா போச்சு. கை வலிச்சா, இன்னொருத்தர் புடிச்சிக்கினேன்னு சொன்னப்புறம்தான் வுடணும். நான் டாக்டரை இட்டுக்கினு வந்துடறேன்."

புஸ்... புஸ்...

இருட்டில் மருந்து வாடை. போகப் போக அதை அமுக்கிக்கொண்டு கல்தூசி வாடை. விரல்கள் மரத்துப்போயின.

"யாராச்சும் வாங்கய்யா..."

ஒரு கை அவர் கைமேல் படிந்தது. சில்லென்று, சொரசொரவென்று.

"புடிச்சிக்கினேன். வுடு நைனா."

விட்டார். பை நிற்கவில்லை. சுவரில் சாய்ந்தார்.

அப்புறம்தான் உறைத்தது.

அவரை நைனா என்று கூப்பிட உலகத்தில் ஒருத்திதான் உண்டு.

அவள் வாயில் குழாய் இருந்தது.

டார்ச் வெளிச்சத்தோடு டாக்டரும் நர்ஸும் வந்தார்கள். கட்டிலருகே யாருமில்லை. பை தானாகச் சுருங்கி விரிந்துகொண்டிருந்தது. மீனம்பாள் வாயைப் பொத்திக்கொண்டாள். டாக்டர் வசந்தாவின் இமையைத் தூக்கிப் பார்த்தார், நாடி பிடித்தார்.

"உயிர் போயி நேரமாச்சு பெரியவரே. சில்லிட்டுப் போச்சு."

"அப்போ இது இன்னா?"

டாக்டர் பையைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

மேஜையில் அது சுருங்கியது. விரிந்தது.

கட்டிலில் வசந்தாவின் மார்பும் கூடவே இறங்கியது. ஏறியது.

"வெளிய வாங்க பெரியவரே..." டாக்டர் கதவுப்பக்கம் பின்வாங்கினார்.

"செத்தவளுக்கு எதுக்குய்யா மூச்சு? உனுக்கு வைத்தியம் தெரியல, அத்தச் சொல்லு!" மகளின் நெற்றியைத் தடவினார். "புடிச்சிக்கினே இரு கண்ணு. மெட்ராஸுக்குக் காரு பாத்துக்கினு வரேன்."

மழையில் இறங்கி பஸ் ஸ்டாண்டுப் பக்கம் விடுவிடுவென்று நடந்தார். டாக்டர் சொன்னதை அவர் நம்பவேயில்லை.

முதுகுக்குப் பின்னால், மழைச் சத்தத்தையும் மீறித் தெருமுனை வரைக்கும் கேட்டது.

புஸ்... புஸ்...