நிமிர்ந்து கிடந்த ரொட்டி

காலை எட்டேமுக்கால். தாஷ்கெண்ட் மாணவியர் விடுதி, மூன்றாம் மாடி. ஈரத்தலையோடு கதவைத் திறந்த நோமின், மேசையைப் பார்த்ததும் அங்கேயே நின்றுவிட்டாள். பாஸ்போர்ட்டைக் காணோம். அவள் வாங்கி வந்த சூடான நான் ரொட்டி மட்டும் இருந்தது. அதன் மேல்புறத்தில் நடுவே குத்திய முத்திரைப் பூ கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

மதியத்துக்குள் குடியேற்ற அலுவலகத்தில் பாஸ்போர்ட்டைக் காட்டாவிட்டால் விசா போய்விடும். மங்கோலியாவுக்கே மூட்டை கட்ட வேண்டியதுதான்.

பூட்டிய அறை. நான்கு சாவி, நான்கு பெண்கள். அவர்களில் சட்டம் படிக்கும் ஸர்நிகோர் அந்நேரம் முழுக்க வார்டனோடு சமையலறையில் இருந்தவள். அதனால் விசாரணையைத் தானே எடுத்துக்கொண்டாள். பத்து மணிக்கு மேல் போலீஸ்தான் என்று வார்டன் சொல்லிவிட்டார்.

உள்ளதைச் சொன்னால், ஸர்நிகோருக்கு நோமினைக் கண்டாலே வயிறு எரியும். தஜிகிஸ்தானிலிருந்து வந்த புதிதில் இவள் ஒரு பருவம் முழுக்கத் தலையணையை நனைத்தவள். நோமின் வந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. அதற்குள் மெட்ரோவில் தூங்கி வழிந்துகொண்டே சரியான நிலையத்தில் இறங்குகிறாள்.

"கடைசியா எங்க வச்சே?"

"ரொட்டியைக் கவுத்து, அது மேலயே வச்சேன்க்கா. சாப்பிடும்போது ஞாபகம் வருமேன்னு. பூட்டிட்டுத்தான் குளிக்கப் போனேன்."

வியட்நாம்காரி லியென் கீழே தனியாகத் துணி துவைத்துக்கொண்டிருந்தாளாம். உஸ்பெக்காரி முக்லிசா ஏழு மணிக்கே நூலகம் போய்விட்டாளாம். செய்தி கேட்டு ஓடிவந்தவள் கோட்டைக்கூடக் கழற்றாமல் நோமினின் தோளைப் பிடித்துக்கொண்டிருந்தாள். யார் புதிதாக வந்தாலும் கைப்பிடித்து வங்கிக்கும் சிம் கார்டுக்கும் அழைத்துப்போகிறவள் அவள்தான். அழாதே, இரண்டு பேரும் சேர்ந்தே போய்ப் பேசுவோம் என்று நோமினைத் தேற்றினாள்.

எல்லார் பார்வையும் லியென் மேல் விழுந்தது. உதவித்தொகை தனக்குக் கிடைக்காமல் நோமினுக்குப் போன அன்று, இவள் ஊருக்கே திரும்பிப் போனால் நன்றாயிருக்கும் என்று எல்லார் எதிரிலும் சொன்னவள்.

"சொன்னியா இல்லையா?"

"சொன்னேன். வயித்தெரிச்சல்ல சொன்னேன். ஆனா எடுக்கல."

பசியோ பயமோ, லியென் ரொட்டியில் ஒரு துண்டைப் பிய்த்துவிட்டு மீதியை மேசையில் போட்டாள். பூ கீழாக விழுந்தது. அவள் அதைக் கவனிக்கவே இல்லை. ஸர்நிகோர் பேச்சுவாக்கில் கையை நீட்டி ரொட்டியை நிமிர்த்தினாள். நீட்டிய கை அப்படியே நின்றது.

குளித்துவிட்டு வந்த பிறகு ரொட்டியைத் தொட்டாயா என்று நோமினைக் கேட்டாள். இல்லை என்றாள் நோமின்.

"கவுத்து வச்ச ரொட்டி தானா நிமிராது. லியென் எடுத்திருந்தா அது பாட்டுக்குக் கிடந்திருக்கும். எங்க தஜிக் வீட்டுலயும் சரி, உஸ்பெக் வீட்டுலயும் சரி, ரொட்டியைக் கவுத்து வைக்கிறது பாவம். அப்படிக் கிடந்தா கை பொறுக்காதவங்க இந்த ரூம்ல ரெண்டே பேர். ஒருத்தி நான், நான் சமையலறையில இருந்தேன்." ஸர்நிகோர் திரும்பினாள். "திருட வந்த அவசரத்துலயும் அதை நிமிர்த்திட்டுப் போயிருக்கே முக்லிசா. கோட்டைக் கழட்டு."

முக்லிசா பொத்தான்களைக் கழற்றினாள். கோட்டின் உள்பையிலிருந்து பாஸ்போர்ட் வந்தது.

ஏன் செய்தாய் என்று வார்டன் கேட்டார். ஸர்நிகோர் கேட்கவில்லை. போன ஞாயிறு நோமின் தனியாகச் சந்தைக்குப் போய், உஸ்பெக் மொழியில் பேரம் பேசி, உலர்திராட்சையோடு சிரித்துக்கொண்டு வந்தபோது முக்லிசாவின் முகம் சுண்டிப்போனதை அவள் பார்த்திருந்தாள். தானும் அதே நெருப்பில் வேகிறவளுக்கு அது தெரியாமல் போகுமா?

"கொஞ்ச நேரத்துல நானே தேடிக் குடுத்திருப்பேன்," என்றாள் முக்லிசா. "அழுதுட்டு எங்கிட்ட வருவா, கூட்டிட்டுப் போலாம்னு நெனச்சேன். முன்னெல்லாம் எதுக்கும் என்னைத்தான் கேப்பா."

ஸர்நிகோர் லியெனுக்குத் தேநீர் ஊற்றினாள். மன்னிப்பு கேட்க வாய் வரவில்லை.

நோமின் பாஸ்போர்ட்டில் ஒட்டியிருந்த மாவைத் துடைத்துப் பையில் வைத்தாள். முக்லிசா கோட்டுப் பொத்தான்களைப் போட்டுக்கொண்டு கதவருகே போய் நின்றாள், இப்போதாவது கூப்பிடுவாள் என்று.

"எனக்கு வழி தெரியும்க்கா," என்றாள் நோமின்.

கோபமே இல்லாமல்தான் சொன்னாள். அதைக் கேட்டுத்தான் முக்லிசா கட்டிலில் உட்கார்ந்து அழுதாள்.